வெயிலும் இரவும்: எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் என்னிடம் கேட்ட கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்கே வயற்பக்கத்தைப் படுவான்கரை என்றும் சொல்வோம். நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவள். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற நாளிலிருந்து மின்சாரத்தையும் எண்ணெயையும் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மாதர் சங்கக் கூட்டத்தில், கோயில் வீதியில், கமக்காரர் அமைப்பு கூடும் மரத்தடியில், கல்முனை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என்று எங்கு போனாலும் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு கொப்பியில் குறித்துவைக்கத் தொடங்கினேன். கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்திருக்கிறேன். எளியவை முன்னே, சிக்கலானவை பின்னே.

சுவட்டு எரிபொருள் என்கிறீர்களே ரீச்சர், எங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றையும்தான் அப்படிச் சொல்கிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட உயிர்களின் எச்சம் அது. எரித்தால் தீர்ந்துவிடும், திரும்பி வராது.

உங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டரிலும் மோட்டார் சைக்கிள் தாங்கியிலும் மண்ணெண்ணெய்ப் போத்தலிலும் அது இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் மின்குமிழிலும் இருக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்து வருகிறது. 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாட். அந்த நிலக்கரியில் ஒரு கூடைகூட இந்த மண்ணில் வெட்டியது இல்லை. முழுவதும் கப்பலில் வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கடல் கொந்தளிப்பதால், ஏறத்தாழ செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைக்குள் இறக்கி ஆண்டு முழுவதற்கும் குவித்து வைக்க வேண்டும்.

மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி என்பது வெளிநாட்டுக்காரர்கள் இப்போது கொண்டுவந்த புதுக்கதைதானே?

இதைக் கேட்டவர் அம்பாறைக்காரர். அதனால் அவரை இங்கினியாகலைக்கே அழைத்துப் போனேன், சொல்லால். சேனநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டில் சுமார் 11 மெகாவாட் நீர்மின் நிலையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. வயலுக்குத் திறக்கும் தண்ணீர் போகிற வழியில் சுழலியைச் சுற்றிவிட்டுப் போகிறது. அதே தண்ணீர்தான் பிறகு நெல்லாக விளைகிறது.

1950 இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை இந்த நாட்டு மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு நீரிலிருந்தே வந்தது. மின்சாரத் தேவை வளர்ந்தது, ஆறுகள் வளரவில்லை. 1996 வரட்சியில் நாடு இருண்டபோது எண்ணெய்ப் பக்கமும், பிறகு நிலக்கரிப் பக்கமும் சாய்ந்தோம். ஆகவே இப்போது பேசுவது விட்ட வழிக்குத் திரும்புவதைப் பற்றித்தான், இம்முறை வெயிலையும் காற்றையும் கூட்டிக்கொண்டு.

நாங்கள் சின்ன நாடு. நாங்கள் மாறினால் உலகச் சூடு குறைந்துவிடுமா?

குறையாது. உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எனக்குக் காரணம் 2022. டொலர் இல்லாததால் எரிபொருள் இறக்க முடியவில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. என் மாணவர்கள் பரீட்சைக்கு மெழுகுதிரியில் படித்தார்கள். பெற்றோல் நிலையத்து வரிசையில் இரவு முழுவதும் படுத்துக் கிடந்த ஆட்டோக்காரத் தம்பிகளை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த நாட்களில் எல்லாம் கல்லடிக் கடலுக்கு மேலே சூரியன் வழக்கம்போல எழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு எவரும் வங்கியில் நாணயக் கடிதம் (எல்.சி.) திறக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு கிலோவாட் சோலார் பனல் போட்டால் மாதம் எத்தனை யூனிட் கிடைக்கும்?

ஆண்டு முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நாளுக்கு மூன்றரை முதல் நான்கு அலகு (யூனிட், அதாவது கிலோவாட் மணி), மாதம் 100 முதல் 120 அலகு வரை. மாசி, பங்குனியில் இதைத் தாண்டும். வாடைக்காற்றோடு மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் நன்றாகக் குறையும். விற்பவர் காட்டும் கணக்கு பங்குனிக் கணக்கா, ஆண்டுக் கணக்கா என்று கேளுங்கள். கூரையில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 60 சதுர அடி இடம் போதும்.

கச்சான் காற்றடிக்கும் நாளில் வெயில் கொதிக்கிறது. ஆனால் கரண்ட் குறைகிறதே, பனல் பழுதா?

பழுதில்லை. பனல் ஒளியைத்தான் மின்சாரமாக்குகிறது. வெப்பம் அதற்கு எதிரி. 25 பாகைக்கு மேல் பனல் சூடாகும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் வலு நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். நண்பகலில் பனலின் உடல் 65 பாகையைத் தொட்டால், நூற்றுக்குப் பதினான்கு அளவு அப்படியே போய்விடும். கூரைக்கும் பனலுக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி விட்டுக் காற்றோடவிட்டால் இந்த இழப்பு குறையும். தகரக் கூரையில் ஒட்டினாற்போல் பூட்ட எவரையும் விடாதீர்கள்.

பனல் போட்டிருக்கிறோம். கரண்ட் போனால் எங்கள் வீடும் இருண்டுதான் கிடக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். 2022 இல் நானே மனம் வெதும்பிக் கேட்ட கேள்வியும் இதுதான், ஏனென்றால் என் கூரையிலும் அப்போது பனல் இருந்தது.

பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். பற்றரி இல்லாத வழக்கமான இன்வெர்ட்டர், தேசிய மின்கட்டமைப்பின் துடிப்பைப் பார்த்து அதனோடு சேர்ந்து துடிக்கும். வீதிக் கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானது. மரம் விழுந்து அறுந்த கம்பியைத் திருத்தக் கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்கு, உங்கள் கூரையிலிருந்து வரும் மின்சாரம் உயிராபத்து. ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், இதை விற்கும்போதே சொல்லாமல் விடுவதில். மின்வெட்டிலும் வீடு ஒளிர வேண்டுமானால், கட்டமைப்பிலிருந்து வீட்டைப் பிரித்துவிட்டுத் தனியே இயக்கும் கலப்பு இன்வெர்ட்டரும் பற்றரியும் வேண்டும்.

எல்லாம் சரி. பொழுது பட்ட பிறகு என்ன செய்வது?

இந்தப் பக்கம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்காகவே எழுதினேன் என்று சொன்னாலும் தவறில்லை. நமக்குப் பகல் மின்சாரம் ஒரு பிரச்சினையே இல்லை. நாட்டின் மின்தேவை உச்சிக்கு ஏறுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. எல்லா வீட்டிலும் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, சோறு வேகும் பானை. சரியாக அப்போதுதான் சூரியன் படுவான்கரைக்கு அப்பால் இறங்கியிருக்கிறது. நண்பகலில் வெயில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சுவதும், ஏழு மணிக்குச் சுழியாக இருப்பதும் ஒரே நாளில் நடக்கின்றன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தபோது, கூரைப் பனல்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இதனால்தான்.

நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. பெரும்போக வெள்ளாமை ஒரே மாதத்தில் வந்து குவிகிறது, சாப்பாடு ஆண்டு முழுவதும் வேண்டும். மூடை கட்டி அடுக்கி வைக்கிறோம். மின்சாரத்துக்கும் மூன்று வழிகள் இருக்கின்றன. நீர்த்தேக்கத் தண்ணீரைப் பகலில் பிடித்துவைத்து இரவில் திறப்பது ஒன்று. பற்றரியில் சேமிப்பது இரண்டாவது. மூன்றாவதை எவரும் மதிப்பதில்லை, ஆனால் அதுதான் மலிவு: வேலையை வெயில் நேரத்துக்கு நகர்த்துவது. தண்ணீர் இறைப்பது, உடுப்புத் துவைப்பது, ஸ்திரிக்கை போடுவது, அரிசி ஆலை ஓட்டுவது, ஐஸ் உறைய வைப்பது எல்லாவற்றையும் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் செய்யலாம். மேல் தாங்கியில் நிரம்பிய தண்ணீரும் உறைந்த ஐஸும் சேமித்த மின்சாரம்தான்.

அப்படியானால் நான் பற்றரி வாங்குவதா, வேண்டாமா?

கடை, மருந்தகம், மூச்சுக்கருவி வைத்திருக்கும் நோயாளி உள்ள வீடு என்றால் வாங்குங்கள். மற்றவர்கள் கணக்குப் பார்த்து வாங்குங்கள். 5 அலகு கொள்ளும் பற்றரி ஒன்று, ஒரு குளிர்சாதனப் பெட்டி, மூன்று மின்விசிறி, விளக்குகள், தொலைக்காட்சி ஆகியவற்றை மாலையிலிருந்து விடியும் வரை தாங்கும். குளிரூட்டியும் மின்னடுப்பும் சேர்ந்தால் தாங்காது.

லிதியம் இரும்புப் பொசுபேற்று வகையைக் கேட்டு வாங்குங்கள். சில ஆயிரம் தடவை ஏற்றி இறக்கலாம், பத்தாண்டு உழைக்கும். ஈய அமிலப் பற்றரி முதலில் மலிவாகத் தெரியும். நம் சூட்டில் நாலைந்து ஆண்டில் வீங்கிவிடும். எல்லைப்புறக் கிராமங்களில் யானை வேலிக்கு மின்னூட்டும் சிறிய பற்றரிகள் எத்தனை தடவை செத்துப்போயின என்று வெல்லாவெளிப் பக்கத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நெட் மீட்டரிங், நெட் எக்கவுண்டிங், நெட் பிளஸ். மூன்றும் ஒன்றா?

ஒன்றல்ல. கூரைப் பனல் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்குக் கொடுப்பதற்கான மூன்று ஒப்பந்த வகைகள் அவை. நெட் மீட்டரிங்கில் மிச்ச மின்சாரத்துக்குக் காசு வராது, அடுத்த மாதக் கணக்கில் கழியும். நெட் எக்கவுண்டிங்கில் மிச்சத்துக்குக் காசு வரும். நெட் பிளஸ்ஸில் உற்பத்தி முழுவதையும் விற்கிறீர்கள், உங்கள் பாவனைக்குத் தனியே கட்டணம் கட்டுகிறீர்கள். 2016 இல் கூரைச் சூரிய மின் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபா கொடுத்தார்கள். அதன் பிறகு விலை பல தடவை ஏறி இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் விலை உங்களுக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தத்தில் உள்ள எண்ணைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

எங்கள் வீதி டிரான்ஸ்போமரில் இடமில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். வேண்டுமென்றே செய்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. வீதிக் கம்பி, மின்சாரம் ஒரு பக்கமாக வருவதற்காகப் போட்டது. எல்லாக் கூரையும் நண்பகலில் ஒரே நேரத்தில் திருப்பி அனுப்பினால் மின்னழுத்தம் ஏறும். 230 வோல்ற்றில் இருக்க வேண்டியது 250ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர்கள் தாமாக நின்றுவிடும், அயலவரின் மின்சாமான்களும் கெடும். கம்பியைத் தடிப்பாக்கி டிரான்ஸ்போமரைப் பெரிதாக்குவது அரசின் வேலை. அதைக் கேட்டு நாம் அழுத்தம் கொடுக்கத்தான் வேண்டும். அதுவரை, வெளியே அனுப்பாமல் வீட்டுப் பாவனைக்கு மட்டும் அளவாகச் சிறிதாகப் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

2025 பெப்ரவரியில் நாடே இருண்டதே. குரங்கு செய்ததா, சோலார் செய்ததா?

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியில் பட்டது என்று சொன்னார்கள். ஒரு நிலையத்தில் ஏற்பட்ட தடங்கல் ஏன் நாடு முழுவதையும் வீழ்த்தியது என்பதே சரியான கேள்வி.

பழைய அரிசி ஆலையின் டீசல் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கனமான இரும்புச் சக்கரம் சுற்றும். நெல் திடீரென்று கூடுதலாக விழுந்தாலும் இயந்திரம் திணறி நிற்காமல் அந்தச் சக்கரத்தின் பாரம் இழுத்துக்கொண்டு போகும். நீர், அனல் மின்நிலையங்களில் சுழலும் பெரிய இயந்திரங்கள் நாட்டுக்கே அந்தச் சக்கரம். பனலில் சுழல்வது எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவை குறைவு, வெயில் அதிகம், அதனால் சுழன்றுகொண்டிருந்த இயந்திரங்கள் குறைவு. சிறு அதிர்ச்சியைத் தாங்கும் பாரம் இல்லாமல் போனது. நுரைச்சோலையும் நின்றதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு.

ஆகவே சோலாருக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயில் மின்சாரம் மிகக் குறைவாக இருந்த 2016 மார்ச்சிலும், 2020 ஓகஸ்டிலும் நாடு முழுவதும் இருண்டதை மறக்கக் கூடாது. 300 மெகாவாட் இயந்திரம் ஒன்று சட்டென்று நின்றாலும் நம் சிறிய கட்டமைப்பு ஆடிப்போகும். கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரம் கொடுக்கும் பெரிய பற்றரிகள், எரிபொருள் இல்லாமலே சுழன்று பாரம் கொடுக்கும் இயந்திரங்கள், கூரைப் பனல்களைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் வசதி ஆகியவை மருந்து. பனலை மட்டும் கூட்டிக்கொண்டு போய் இவற்றைப் பின்னுக்குத் தள்ளியதுதான் பிழை.

கேஸை விட்டுவிட்டு மின்னடுப்புக்கு மாறினால் இலாபமா மகள்?

இதைக் கேட்ட பெரியம்மாவோடு சேர்ந்து கணக்குப் போட்டோம். 12.5 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 160 அலகுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. அடுப்பின் ஓரத்தால் பாதி வீணாகிறது. இன்டக்‌ஷன் அடுப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து சட்டிக்குள் போகும். ஆகவே ஒரு சிலிண்டர் சமையலை ஏறத்தாழ 100 அலகு மின்சாரத்தில் முடிக்கலாம். உங்கள் மின்பட்டியலில் கடைசி அலகுக்கு என்ன விலை என்று பார்த்து, நூறால் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். அலகு கூடக் கூட விலைப்படி ஏறும் என்பதால் முதல் அலகின் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பகலில் மிச்சமாகும் சொந்தப் பனல் மின்சாரம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மத்தியானச் சமையலை அதில் முடியுங்கள்.

விறகும் மரம்தானே, திரும்ப வளரும்தானே? அதை ஏன் குறை சொல்கிறீர்கள்?

வளர்த்து வெட்டினால் குறையே இல்லை. கிளிசரிடியாவை 2005 இல் நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது அதற்காகத்தான். வெட்ட வெட்டத் துளிர்க்கும், வேலியாகவும் பசளையாகவும் பயன்படும். வாவிக்கரைக் கண்டலை வெட்டி எரித்தால்தான் குற்றம். மற்றது, புகை. சுவாச நோயோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களில் எத்தனை பேர் குசினிப் புகையில் முப்பது ஆண்டு நின்றவர்கள்!

உமியைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு தொன் நெல்லைக் குத்தினால் சுமார் 200 கிலோ உமி வருகிறது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆலைகளில் அதை எரித்தே நெல்லை அவிக்கிறார்கள். எண்ணெய் தீண்டாத தொழில் அது, நம் கண்முன்னே.

மேட்டுப்பயிருக்கு மண்ணெண்ணெய்ப் பம்புதான். சோலார் பம்பு இழுக்குமா?

இழுக்கும். இரவுக் கேள்வியில் சொன்ன சேமிப்புத் தொல்லை இதில் இல்லை. வெயில் கூடிய நேரத்தில்தான் செடிக்கும் தண்ணீர் வேண்டும். சோளம், நிலக்கடலை, மிளகாய் செய்பவர்களுக்குப் பனல், பம்பு, ஒரு தாங்கி போதும். வயல் வட்டையில் தனியே நிற்கும் பனலைத் திருடிப் போகிறார்கள் என்பதே உண்மையான தொல்லை. தள்ளுவண்டியில் பூட்டி மாலையில் வளவுக்குக் கொண்டுவருபவர்களைப் படுவான்கரையில் பார்த்தேன். நல்ல யோசனை.

கடலுக்குப் போகிறவன் நான். என் இயந்திரத்துக்கும் வெயில் உதவுமா, உண்மையைச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு உதவாது, தம்பி. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் உங்கள் வெளியிணைப்பு இயந்திரம் தள்ளுவது ஏறத்தாழ 2 அலகு வேலை. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் என்றால் 40 அலகு. அவ்வளவைக் கொள்ளும் லிதியம் பற்றரி கால் தொன்னைத் தாண்டும். அதை ஏற்றினால் மீனை எங்கே ஏற்றுவது? வாழைச்சேனையிலிருந்து பல நாள் போகும் ஆழ்கடல் படகுகளுக்கு இன்னும் கடினம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது கரையில் படகுகள் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டவள் நான். மாற்று இல்லாதவர்களிடம் மானியத்தைப் பறித்துவிட்டு மாற்றத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

வாவியில் குறுகிய தூரம் போகும் தோணிக்குச் சிறு மின்மோட்டார் சரிவரும். கரையில் ஐஸ் ஆலைக் கூரையில் பனல் போட்டால் ஐஸ் விலை குறையும். அது உங்கள் கைக்கு நேரே வரும் நன்மை.

கரண்ட் ஸ்கூட்டர் ஓடினாலும் நுரைச்சோலையில் புகைதானே? பிறகு என்ன பெருமை?

கெட்டிக்கார மாணவன் கேட்டது. மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம்: ஸ்கூட்டருக்கு ஏற்றும் மின்சாரம் முழுவதும் நிலக்கரி. 100 கிலோமீற்றருக்குச் சுமார் 3 அலகு, அலகுக்கு ஒரு கிலோ காபனீரொட்சைட்டு, மொத்தம் 3 கிலோ. பெற்றோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 2 லீற்றருக்கு மேல் குடிக்கும், லீற்றருக்கு 2.3 கிலோ, ஆகவே ஏறத்தாழ 5 கிலோ. பெற்றோல் இயந்திரம் எரிப்பதில் நாலில் மூன்று பங்கை வெப்பமாக வீசுகிறது, அதுதான் வேறுபாடு. நிலக்கரியில் ஏற்றினாலே இவ்வளவு என்றால், பாடசாலைத் தரிப்பிடத்துக் கூரையில் பகலில் ஏற்றினால்?

மகாஓயா வெந்நீரூற்றில் மின்சாரம் எடுக்க முடியாதா?

ஆசையான கேள்வி. ஊற்று நீரின் சூடு 50 பாகைக்குச் சற்று மேல். வழக்கமான சுழலியைச் சுற்ற நீராவி வேண்டும், அதற்கு நூறைத் தாண்டிய சூடு தேவை. இலங்கையில் எரிமலை வலயம் இல்லை. குளிக்கலாம், அவ்வளவுதான்.

மன்னாரில் காற்றாலை. இங்கும் வாடை, கச்சான் இரண்டும் அடிக்கிறதே?

அடிக்கிறது. காற்றாலையில் வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்கு. அதனால் வேகத்தில் சிறு குறைவும் வலுவில் பெரிய குறைவாகும். மன்னாரின் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை அங்கே நிற்பது அந்தத் தீவில் காற்று அவ்வளவு பலமாகவும் தொடர்ச்சியாகவும் வீசுவதால். நம் பக்கத்துக்கு வெயில்தான் முதல் செல்வம்.

1978 சூறாவளி போல ஒன்று வந்தால் பனல் பறந்து ஆளை வெட்டாதா?

நவம்பர் 23 இரவைக் கண்டவர்களின் பயம் இது. நான் அதை மதிக்கிறேன். தரமான பனல், 2,400 பஸ்கால் காற்றழுத்தத்தைத் தாங்குமா என்று சோதித்துத்தான் வருகிறது. பறப்பது பெரும்பாலும் கூரை, பனலையும் சுமந்துகொண்டு. ஆகவே பனலைத் தாங்கும் சட்டத்தைச் சீற்றில் பூட்டாமல் கூரை மரத்தில் ஆழமாகப் பூட்ட வேண்டும். கூரை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போட வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரையானால் முதலில் கூரையை மாற்றுங்கள்.

சூறாவளி எப்போதாவது வரும், உப்புக்காற்று நாள்தோறும் வருகிறது. என் வீட்டில் பூட்டியவர்கள் மலிவான இரும்பு ஆணிகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் ஆண்டில் துருப்பிடித்து உதிர்ந்தன. கடலிலிருந்து ஓரிரு கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய சோலார் பண்ணை என்று சொல்லி எங்கள் மேய்ச்சல் தரையை எடுத்துவிட்டால்?

ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். வவுணதீவில் 10 மெகாவாட் நிலையம் ஏற்கனவே இயங்குகிறது. வாகரைக்கு வடக்கே சம்பூரில் நடந்ததையும் பாருங்கள். 2006 போரில் மக்கள் இடம்பெயர்ந்த அந்த நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்ட முனைந்தார்கள். மக்கள் விடாமல் எதிர்த்தார்கள், 2016 இல் அது கைவிடப்பட்டது. அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றின் கட்டுமானத்தை 2025 ஏப்ரலில் தொடங்கி வைத்தார்கள். புகை இல்லை என்பது பெரிய நன்மை. ஆனால் தன் காணியை இழந்தவருக்கு அந்த இடத்தில் நிலக்கரி வந்தாலும் பனல் வந்தாலும் இழப்பு ஒன்றுதான்.

என் எண்ணம் வெளிப்படையானது: முதலில் கூரைகள், பாடசாலைகள், ஆலைகள், சந்தைக் கட்டடங்கள். பத்தாயிரம் வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் வீதம் போட்டால் 30 மெகாவாட், ஒரு ஏக்கரும் எடுக்காமல். அதற்குப் பிறகு நிலம் வேண்டுமானால், மாடு மேய்ப்பவர்களையும் கூட்டத்தில் உட்காரவைத்துப் பேசட்டும்.

பனல் செய்வதற்கே நிலக்கரி எரிக்கிறார்களாம். பழசானால் குப்பையாம். இது சுத்தமா?

செய்ய எடுத்த சக்தியைப் பனல் ஓரிரு ஆண்டில் திருப்பித் தந்துவிடும், பிறகு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டால் அலகுக்கு 40 முதல் 50 கிராம் காபனீரொட்சைட்டு. நிலக்கரிக்கு 800 கிராமுக்கு மேல். பழைய பனலில் பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியமும். அதைவிட எனக்குப் பயம் ஈயப் பற்றரிதான். வளவில் உடைத்து ஈயம் உருக்குபவர்களின் பிள்ளைகள் அந்த மண்ணில்தான் விளையாடுகிறார்கள். பழைய பற்றரியை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

மாதம் அறுபது யூனிட்டுக்கு உள்ளேதான் எங்கள் பாவனை. நுண்கடன் எடுத்துப் பனல் போடலாமா அக்கா?

வேண்டாம் தங்கச்சி. உங்கள் பட்டியல் சிறியது. பனலால் மிஞ்சும் காசு கிழமைக் கிழமை கட்டும் வட்டிக்கே காணாது. நுண்கடனில் மூழ்கிய குடும்பங்களை நம் மாவட்டத்தில் போதிய அளவு பார்த்துவிட்டோம். பழைய குமிழ்களை எல்ஈடிக்கு மாற்றுங்கள், குளிர்சாதனப் பெட்டியின் கதவு இரப்பரை மாற்றுங்கள். உங்கள் சங்கம் பொதுக் கட்டடத்தின் கூரையில் சேர்ந்து போட முடியுமானால் அதில் பங்கெடுங்கள்.

மகளுக்கு வீடு கட்டுகிறோம். பனல் போட இப்போது கையில் காசில்லை. பிறகு போடுவதற்கு இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

நிறையச் செய்யலாம், அதுவும் சில ஆயிரம் ரூபாவில். கூரையின் ஒரு சரிவு தெற்கு பார்த்து இருந்தால் நல்லது, பத்துப் பாகைச் சாய்வு போதும், மழை கழுவிவிடும். இடம் அப்படி அமையாவிட்டால் கவலைப்பட வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கிழக்கு, மேற்குச் சரிவுகளிலும் இழப்பு சிறியது. படுவான் பக்கச் சரிவு பிற்பகலில் கூடுதலாகத் தரும், மாலைத் தேவைக்கு அது உதவி.

கூரை மரத்தைப் பனல் பாரத்துக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கூரையிலிருந்து மானிப் பெட்டி வரை ஒரு வெற்றுக் குழாயைச் சுவருக்குள் பதித்துவிடுங்கள். நிழலான, காற்றோட்டமான சுவரில் இன்வெர்ட்டருக்கு இரண்டடி இடம் விடுங்கள். நில இணைப்புக் கம்பியை நன்றாக இறக்குங்கள். தென்னம்பிள்ளை வைப்பதானால் வீட்டுக்கு வடக்கே வையுங்கள், பத்து ஆண்டில் வளர்ந்தாலும் அதன் நிழல் கூரையில் குறைவாகவே விழும்.